ஜில்லா மருத்துவக் கல்லூரியும் கிராமப் பஞ்சாயத்தும்

(திருச்சிராப்பள்ளி புத்தூரில் நடைபெற்ற பஞ்சாயத்து அங்கத்தினர் பயிற்சி வகுப்பில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



மருத்துவக் கல்லூரியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று அறிந்ததும், சற்று முன் தேநீர் அருந்தும்பொழுது ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, எங்களுக்குச் சாலையைப் பற்றிச் சொல்லுங்கள், குடிநீர்த் தொட்டியைப் பற்றிச் சொல்லுங்கள். டாக்டருக்குப் படிக்கிற இடத்துக்கும் பஞ்சாயத்துக்கும் என்ன சம்பந்தம்?" அவர் கேட்டது நியாயமான கேள்விதான். கல்லூரியை நடத்துவது அரசாங்கம். அதில் போதிப்பவர்கள் பேராசிரியர்கள். பயில்பவர்கள் தேர்வில் தேறி வந்த பிள்ளைகள். இதில் நமக்கு என்ன வேலை என்று தோன்றுவது இயல்பே. ஆயினும் வேலை இருக்கிறது. அது நடைபெறாமற் போனால் நஷ்டம் கல்லூரிக்கு அன்று, நமக்கே.

நாம் கூடியிருக்கும் இந்தப் புத்தூரில்தான் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. துறையூரிலிருந்தும் முசிறியிலிருந்தும் இலால்குடியிலிருந்தும் மணப்பாறையிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள் அதைப் 'பெரியாஸ்பத்திரி' என்றே அழைக்கிறார்கள். அந்தப் பெரியாஸ்பத்திரி இன்று வெறும் ஆஸ்பத்திரியாக மட்டும் இல்லை. அது ஒரு பள்ளிக்கூடமும் ஆகும். பெரியமிளகுபாறையில் இருக்கும் கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள், நோயாளியின் கட்டிலருகே நின்று பாடம் கற்பது இங்கேதான். 1997இல் ஏற்பட்ட அக்கல்லூரியில் இப்பொழுது ஆண்டுதோறும் 150 பேர் சேர்க்கப்படுகிறார்கள். கல்லூரிக்குப் பெயர் தந்த முத்தமிழ்க் காவலர் கி.ஆ.பெ. விசுவநாதம் அவர்கள் (1899-1994) டாக்டர் அல்லர். இந்நகரில் வாணிகம் செய்த தமிழறிஞர். தமிழ் மருத்துவத்தில் மிகுந்த பற்றுடையவர் என்பதையும் சேர்த்து நினைத்தால் பெயர் பொருத்தமாகவே இருக்கிறது.

நமக்கு அருகில் ஒரு மருத்துவக் கல்லூரி இருப்பதைச் சாதாரண விஷயமாக நாம் எடுத்துக்கொள்கிறோம். இது எவ்வளவு காலம் கழித்து வந்தது என்பதைச் சற்றே பார்ப்போம்.

சென்னையில் மருத்துவப் பள்ளி ஒன்று 1835ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் தொடங்கப்பெற்றது. அதுவே பிற்பாடு சென்னை மருத்துவக் கல்லூரி ஆயிற்று. நெடுங்காலம் தமிழ்நாட்டு ஜில்லாக்களில் பிறந்தவர் டாக்டராக வேண்டுமானால் சென்னைக்கே செல்லவேண்டும். நமது அண்டை ஊராகிய புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1907இல் சென்னைக்குச் சென்று அக்கல்லூரியிற் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்றார். அந்த அம்மையார் பிறந்த புதுக்கோட்டையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது 2017இல். இடையில் நூறாண்டுக்கு மேல் கடந்துவிட்டது.

அக்காலத்தில் கிராமங்களுக்கு வைத்தியம் யார் பார்த்தார்கள்? உங்களில் வயது முதிர்ந்தவர்கள், சிறு நகரங்களில் 'எல்.எம்.பி. டாக்டர்' என்று ஒருவர் இருந்ததை நினைவில் வைத்திருப்பீர்கள். பட்டப் படிப்பினும் குறுகிய படிப்பு அது. அதற்கென மருத்துவப் பள்ளிகள் தனியே இருந்தன. சென்னை இராயபுரத்தில் இருந்த பள்ளி 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. தஞ்சாவூரில் இருந்த பள்ளியோ 1930களில் மூடப்பட்டது. சுதந்திரத்திற்கு முன் சர் ஜோசப் போர் அவர்களின் தலைமையில் ஒரு கமிட்டி தேசத்தின் சுகாதார நிலைமையை ஆராய்ந்து 1946இல் அறிக்கை அளித்தது. அப்பொழுது பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் இருந்த டாக்டர்கள் ஏறக்குறைய 47,500 பேர். அவர்களில் 30,000 பேர் அளவில் இவ்விதம் குறுகிய படிப்புப் படித்தவர்களே. கிராமத்திற்கு ஒரு தரம், நகரத்திற்கு ஒரு தரம் என்று டாக்டர்களைப் பிரிக்கலாகாது, எல்லா டாக்டர்களும் ஒரே படிப்புப் படித்தவர்களாக இருக்கவேண்டும் என்று கமிட்டியின் பெரும்பான்மையோர் கருதினர். அங்கத்தினருள் சிலர் இதற்கு மாறுபட்டனர். போதிய டாக்டர்கள் வரும்வரை இப்பள்ளிகள் இருக்கட்டும் என்பது அவர்கள் கட்சி.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பெரும்பான்மையோரின் கொள்கை சரியானது; ஆனால் மாறுபட்டவர்களின் கவலையும் பொய்யன்று. கிராமவாசிக்கு மாத்திரம் இரண்டாந்தர வைத்தியம் போதும் என்று ஒருவர் சொன்னால் நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம். அதே சமயத்தில், முதல் தர டாக்டர் முப்பது ஆண்டு கழித்து வருவார் என்றால், அதுவரை பிரசவ வலி காத்திருக்காது. இந்த இரண்டு கவலைகளுக்கும் ஒரே விடைதான் உண்டு. மருத்துவக் கல்லூரிகளைத் தலைநகரிலிருந்து ஜில்லாக்களுக்குக் கொண்டுவர வேண்டும்.

அவ்வாறு கொண்டுவரும் வேலை மெதுவாகவே நடந்தது. 1954இல் மதுரை, 1959இல் தஞ்சாவூர், 1965இல் செங்கற்பட்டும் திருநெல்வேலியும், 1966இல் கோயம்புத்தூர். அதன்பின் இருபது ஆண்டுக் காலம் பெருத்த இடைவெளி. 1986இல்தான் சேலம் வந்தது. திருச்சிக்குத் தஞ்சை 55 கிலோமீட்டர் தூரந்தான்; ஆகையால் கடினமான நோயென்றால் தஞ்சைக்கு எடுத்துச் செல்வது பல காலம் வழக்கமாக இருந்தது. பழைய திருச்சி ஜில்லாவோ கரூரிலிருந்து அரியலூர் வரை பரந்து கிடந்தது. இன்று கரூரில் 2019 முதலும், அரியலூரில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் நடைபெறுகின்றன. 2022ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 11 கல்லூரிகள் திறக்கப்பட்டன. இப்பொழுது மாநிலத்தில் அரசு மருத்துவக் கல்லூரிகள் 36. பெரம்பலூர் முதலிய சில ஜில்லாக்கள்தாம் எஞ்சியுள்ளன.

இனி, மருத்துவக் கல்லூரி என்பது எப்படி உண்டாகிறது என்பதைச் சொல்கிறேன். மற்றக் கல்லூரிகளுக்குக் கட்டடம் முதலில் வரும். மாணவர் பின்னர் வருவர். மருத்துவக் கல்லூரிக்கு நோயாளி முதலில் வரவேண்டும். கட்டில்கள் நிறைந்த ஓர் ஆஸ்பத்திரி இல்லாவிட்டால் அங்கே டாக்டரை உருவாக்க முடியாது. தஞ்சாவூரில் இராசா மிராசுதார் ஆஸ்பத்திரி 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இருந்தது. மிராசுதார்கள் அளித்த பொருள் அதன் பெயரிலேயே நிற்கிறது. அந்த நிலச்சுவான்தார்கள் அன்று மனமிரங்கிக் கொடுத்த ஆஸ்பத்திரி, பல்லாண்டு கழித்து மருத்துவக் கல்லூரிக்குப் பயன்பட்டது. மதுரையில் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி இருந்தது. பிற்காலத்தில் அதற்கு இராஜாஜி அவர்களின் பெயர் இடப்பட்டது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒரே ஒரு கட்டிலுடன் தொடங்கினார். அதற்குக் காரணம் திண்டிவனத்தில் அவர் கண்ட ஓர் இரவு. ஆண் டாக்டர் பார்க்கலாகாது என்று மூன்று வீட்டார் மறுத்ததனால் பிரசவத்தில் மூன்று பெண்கள் இறந்தார்கள். அக்கட்டிலிலிருந்து 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும், 1942இல் முழுக் கல்லூரியும் தோன்றின.

ஆகவே ஒரு ஜில்லாவில் மருத்துவக் கல்லூரி ஏற்படுகிறது என்றால், அந்த ஜில்லாவின் தலைமை ஆஸ்பத்திரி உயர்ந்த நிலைக்கு வருகிறது என்று பொருள். எலும்பு முறிவுக்கு, குழந்தை நோய்க்கு, கண்ணுக்கு, மனநோய்க்கு எனத் தனித்தனிப் பகுதிகள் வருகின்றன. ஒவ்வொரு பகுதிக்கும் பேராசிரியரும், அவருக்குக் கீழ் உதவிப் பேராசிரியர்களும், மேற்படிப்பு மாணவர்களும், 'ஹவுஸ் சர்ஜன்'களும் வருகிறார்கள். நள்ளிரவில் விபத்தில் அடிபட்டவரைக் கொண்டுசென்றால் அங்கே விழித்திருப்பவர்கள் பெரும்பாலும் இவ்விளைஞர்களே. கற்பிக்கும் ஆஸ்பத்திரியில் இரவிலும் டாக்டர் இருப்பதற்குக் காரணம், கற்பவர்கள் அங்கே இருப்பதுதான். இன்னொரு பலனும் உண்டு. ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரி கல்லூரி ஆஸ்பத்திரியாகிவிட்டால், ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரி என்ற தகுதி வேறோர் ஊருக்குச் செல்கிறது. தஞ்சை ஜில்லாவில் கும்பகோணத்திற்கும், நமது ஜில்லாவில் மணப்பாறைக்கும் அது கிடைத்தது. ஒரு கல்லூரி இரண்டு ஊர்களுக்கு வைத்திய வசதியைத் தந்தது எனலாம்.

ஆனால் ஒன்றை யோசிக்கவேண்டும். இந்தப் புத்தூர் வழியாக ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலை எல்லாரும் அறிவீர்கள். பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, சோழர் காலம் தொட்டு ஓடிக்கொண்டிருக்கும் வாய்க்கால் அது. தலை மதகு நன்றாயிருந்தால் மாத்திரம் வாழவந்தான்கோட்டை ஏரி நிரம்பிவிடுமா? நடுவில் கரை உடைந்தால், மடை அடைத்தால், கடைமடைக்காரனுக்கு ஈரம்கூட எட்டாது. மருத்துவக் கல்லூரி தலை மதகைப் போன்றது. உப்பிலியபுரம் ஒன்றியத்தில் பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் ஒரு குடிசைக்கு அதன் பயன் எட்டுகிறதா என்பதே கேள்வி.

பாம்புக் கடியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நாம் விவசாயிகள், வயலில் வேலை செய்பவர்கள். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல சமயம் வலியே தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி என்பார், பிறகு கண் இமை தாழும், மூச்சு நிற்கும். கண்ணாடிவிரியன் கடித்தால் இரத்தம் உறையாது. அதைக் கண்டறிய டாக்டர்கள் செய்வது மிக எளிய சோதனை: சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தத்தை எடுத்து இருபது நிமிஷம் ஆடாமல் வைப்பார்கள், உறையவில்லை என்றால் விஷம் ஏறியிருக்கிறது. இப்பாடத்தை மாணவர் புத்தகத்தில் படிக்கலாம். ஆனால் தாழ்ந்த இமையை ஒருமுறை கண்ணாற் கண்டவர்தான் அடுத்த முறை ஐயமின்றி மருந்து ஏற்றுவார். தலைநகரில் பயிலும் மாணவருக்கு இத்தகைய நோயாளிகள் எத்தனை பேர் வருவார்கள்? நமது வயல்களிலிருந்து புத்தூருக்கு வருகிறார்கள். ஜில்லாவில் கல்லூரி வைப்பதன் முதற் பயன் இதுதான் என்று நான் கருதுகிறேன். நம் நோயைப் பார்த்துக் கற்ற டாக்டர், நமக்குப் பயன்படுவார்.

விஷ முறிவு மருந்து தயாரிக்க வேண்டிய விஷத்தை எடுத்துத் தருவது செங்கற்பட்டு ஜில்லா வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978 முதல் நடந்துவரும் சங்கம் அது. கூட்டுறவு இயக்கத்தைப் பற்றி நாம் வேறு வகுப்பில் பேசுவோம். இதை ஒரு நல்ல எடுத்துக்காட்டாகக் குறித்துக்கொள்ளுங்கள். அம்மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கிறது. கயிற்றால் இறுகக் கட்டாமலும், கீறாமலும், வாயால் உறிஞ்சாமலும், கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். அங்கே முதல் மருந்து ஏற்றிக்கொண்டு, 108 வண்டியில் புத்தூருக்கு வரவேண்டும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் செய்யவேண்டிய இரத்தச் சுத்திகரிப்பு இங்கே நடக்கும். மந்திரிப்பவரிடம் ஒரு மணி நேரம், நேரே புத்தூருக்கே போவோம் என்று வழியில் ஒன்றரை மணி நேரம் எனச் செலவிட்டு வருபவருக்கு, இங்குள்ள எந்தப் பேராசிரியரும் போன நேரத்தைத் திருப்பித் தர இயலாது. பாம்புக் கடியை அரசாங்கத்துக்கு அறிவிக்கவேண்டிய நோயாகத் தமிழ்நாடு 2024 நவம்பரில் அறிவித்தது. எந்த ஊரில் எத்தனை பேர் கடிபடுகிறார்கள் என்ற கணக்கு இனி ஒழுங்காகக் கிடைக்கும். அக்கணக்கைப் பார்த்து மருந்தை அனுப்பலாம்.

இங்கே நம்மவர்களிடம் உள்ள ஒரு பழக்கத்தைப் பற்றி மனம் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது. சாதாரண ஜுரத்துக்கும் இருமலுக்கும்கூடச் சுகாதார நிலையத்தைத் தாண்டிப் புத்தூருக்கு வருகிறோம். சமுதாய அபிவிருத்தித் திட்டம் 1952 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கியபொழுது, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அத்திட்டத்தின் ஓர் அங்கமாக இருந்தது. இன்றைய விதிப்படி சமவெளியில் 30,000 மக்களுக்கும் மலைப் பகுதியில் 20,000 மக்களுக்கும் ஒன்று இருக்கவேண்டும். அங்கே ஆளில்லாமல் இங்கே நெருக்கடியானால், இரண்டும் கெடும். பேராசிரியர் ஒரு நோயாளிக்கு ஒரு நிமிஷம் ஒதுக்குகிறார் என்று குறைப்படுகிறோம். அந்த வரிசையில் நிற்பவர்களுள் பாதிப் பேர் தம் ஊரிலேயே குணமாகக்கூடியவர்களாக இருந்தால், குறை யாருடையது?

"எங்கள் சுகாதார நிலையத்தில் டாக்டர் தங்குவதில்லையே" என்று உடனே சொல்வீர்கள். சில இடங்களில் உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டில் கிராம டாக்டர் பதவிகளுக்கு ஆட்கள் முன்வருவதற்கு ஒரு காரணம் உண்டு. அது பலருக்குத் தெரியாது. அரசுப் பணியிலிருக்கும் டாக்டர்களுக்கு மேற்படிப்பு இடங்களில் 50 விழுக்காடு ஒதுக்கும் வழக்கம் இம்மாநிலத்தில் உண்டு. கிராமத்தில் சில ஆண்டு உழைத்தவர், பிறகு கல்லூரிக்கு வந்து, குழந்தை மருத்துவமோ மகப்பேறு மருத்துவமோ படித்து, மீண்டும் அரசு ஆஸ்பத்திரிக்குச் செல்வார். இவ்வொதுக்கீட்டுக்கு 2017இல் இடையூறு ஏற்பட்டது. மாநிலங்களுக்கு இவ்வாறு ஒதுக்க அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டு 31ஆம் தேதி தீர்ப்பளித்தது. நீதிமன்ற வழக்கு என்றால் அது டாக்டர்களின் விஷயம் என்று நாம் பத்திரிகையைப் புரட்டிவிடுகிறோம். உண்மையில் அது நமது சுகாதார நிலையத்து நாற்காலியில் ஆள் உட்காருவாரா என்ற வழக்கு.

கிராமத்துக்கு வேண்டிய டாக்டரைக் கிராமத்திலிருந்தே எடுப்பது என்ற முறையைப் பிற தேசங்களும் கையாண்டிருக்கின்றன. ஜப்பானில் 1972இல் நிறுவப்பட்ட ஜிச்சி மருத்துவப் பல்கலைக் கழகத்தில், ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் மாணவர்களைத் தேர்ந்தெடுத்துப் படிக்கவைக்கிறார்கள். படிப்பு முடிந்ததும் குறிப்பிட்ட ஆண்டுகள் அவர்கள் தம் மாகாணத்தில் பணிபுரிய வேண்டும். பிலிப்பைன்ஸ் தேசத்தில் லேய்ட்டே தீவில் 1976இல் தொடங்கிய பள்ளி இன்னும் விசித்திரமானது. ஊர் மக்களே மாணவரைத் தேர்ந்தனுப்புகிறார்கள். அவர் முதலில் மருத்துவச்சிப் படிப்பு முடித்து ஊருக்குத் திரும்பி வேலை செய்கிறார், ஊரார் நற்சான்று அளித்தால் மீண்டும் சென்று நர்ஸ் படிப்பு, மறுபடியும் ஊர், அதன் பின்னரே டாக்டர் படிப்பு. ஏணியில் படிப்படியாக ஏறுவதைப் போன்றது. நமது பஞ்சாயத்துகள் கூடி ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்தால் சண்டை இல்லாமல் முடியுமா என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. ஆயினும் அங்கே நடக்கிறது.

தமிழர் வாழும் யாழ்ப்பாணத்திலும் ஒரு முன்னோடி உண்டு. சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க டாக்டர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்திக்கொண்டே உள்ளூர் இளைஞர்களுக்கு வைத்தியம் கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் வேலை தேடி வேறிடம் செல்வதைக் கண்டு, 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். அதற்காக மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். தமிழிற் கற்றவர்கள் தம் ஊர்களிலேயே தங்குவார்கள் என்பது அவர் கணக்கு. இந்த நூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய யோசனையை இன்று அப்படியே பின்பற்ற இயலுமா என்பது வேறு விஷயம். நோயாளியின் பேச்சு புரியாத டாக்டர் கிராமத்தில் நிலைக்கமாட்டார் என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார்.

நமது மாநிலத்தில் இதற்கு ஒரு வழி 2020இல் திறந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து, 'நீட்' தேர்வில் தகுதி பெற்ற மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கிச் சட்டம் வந்தது. அவர்களது படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசாங்கமே ஏற்கிறது. அதற்கு முந்திய ஆண்டுகளில் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குச் சென்றோரை விரல் விட்டு எண்ணலாம். சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே, பல் மருத்துவத்தையும் சேர்த்து, 400 பேர் அளவில் சேர்ந்தனர். கொத்தனார் வீட்டுப் பிள்ளையும், ஆடு மேய்ப்பவர் வீட்டுப் பிள்ளையும் வெள்ளைக் கோட்டு அணிந்ததைப் பத்திரிகைகளிற் பார்த்தோம்.

இதில் பெற்றோர்கள் செய்யும் ஒரு காரியம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. எட்டாம் வகுப்பு வரை ஊர்ப் பள்ளியில் நன்றாகப் படித்த பெண்ணை, ஒன்பதாம் வகுப்பில் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். 'டாக்டர் ஆகவேண்டும்' என்பதற்காகவே மாற்றுகிறார்கள்! மாற்றிய அன்றே இவ்வொதுக்கீட்டின் உரிமை போய்விடுகிறது. இதை எடுத்துச் சொல்ல ஊரில் ஓர் ஆள் வேண்டாமா? பஞ்சாயத்து அங்கத்தினர் சொன்னால் கேட்பார்கள். மாணவர் ஆறாம் வகுப்பிலிருந்து எங்கெங்கு படித்தார் என்பதற்குத் தலைமையாசிரியர்களின் சான்றுகள் வேண்டும். பள்ளி மாறியவர்கள் கடைசி நேரத்தில் அலைகிறார்கள். கிராம சபையில் ஒருமுறை இதைப் படித்துக் காட்டினால் போதும்.

அடுத்தது, மாணவர்கள் நம் ஊருக்கு வருவதைப் பற்றியது. தேசிய மருத்துவ ஆணையம் 2022 முதல் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் முதலாண்டிலிருந்தே கிராமத்தில் சில குடும்பங்களைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொள்ள வேண்டும். அடிக்கடி வந்து, அவ்வீட்டாரின் உடல்நிலையைக் குறித்து, இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்த சோகை முதலியவற்றைப் பார்த்து, வேண்டிய சிகிச்சைக்கு வழி காட்டவேண்டும். தடுப்பு மருத்துவத்தைக் கிராமத்தில் கற்பிக்கவேண்டும் என்பது போர் கமிட்டியே சொன்னதுதான். இப்பொழுது அது வீட்டு வாசலுக்கு வருகிறது.

எங்கள் ஒன்றியத்தில் ஓர் ஊருக்கு இவ்வாறு மாணவர்கள் வந்த முதல் நாள் நான் உடன் சென்றிருந்தேன். கோயில் வாசலில் இருபது பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். உட்காரச் சொல்ல ஆளில்லை. ஒரு மூதாட்டி, "ஊசி போட்டுப் பழக என் உடம்புதான் கிடைத்ததா, தம்பி?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார். அந்தத் தம்பி முகம் வாடிவிட்டது. அவனுடன் வந்த பெண் பிள்ளை மட்டும் திண்ணையிலேயே உட்கார்ந்து, "ஊசி கொண்டுவரவில்லை, பாட்டி, கையில் பட்டி கட்டிப் பார்ப்பதுதான்" என்றாள். அரை மணி கழித்துக் கதவு திறந்தது. பாட்டியின் இரத்த அழுத்தம் மிக அதிகமாக இருந்தது. அவருக்கு அது அன்றுவரை தெரியாது. இப்பொழுது 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அவருக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அத்திட்டம் 2021 ஆகஸ்டு மாதம் கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கிற்று.

அந்த அரை மணி நேரத்தை மிச்சப்படுத்துவது பஞ்சாயத்தின் வேலை. மாணவர்கள் வரப்போவதை முன்னாளில் தண்டோரா போடுங்கள், அல்லது ஒலிபெருக்கியிற் சொல்லுங்கள். இவர்கள் மருந்து விற்க வருபவர்கள் அல்லர், ஊசி போட்டுப் பழக வருபவர்களும் அல்லர் என்று ஊருக்கு அறிந்தவர் ஒருவர் சொல்லவேண்டும். சமுதாயக் கூடத்தைத் திறந்து, குடிநீர் வைத்து, பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பிட வசதி காட்டுங்கள். இதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. காலனித் தெருவை விட்டுவிட்டு ஊர்த் தெருவை மட்டும் காட்டி அனுப்பும் வழக்கம் சில இடங்களில் இருப்பதாகக் கேள்வி. அது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

கிராமச் சுகாதாரக் குழு என்று ஒன்று உங்கள் ஒவ்வொரு பஞ்சாயத்திலும் காகிதத்தில் இருக்கிறது. கிராம சுகாதார நர்ஸும், அங்கன்வாடிப் பணியாளரும், சுய உதவிக் குழுப் பெண்களும் அதில் இருக்கிறார்கள். மாணவர்கள் எழுதிச் செல்லும் விவரம் கல்லூரியின் நோட்டுப் புத்தகத்திலேயே தங்கிவிடாமல், அக்குழுவின் முன் ஒருமுறை படிக்கப்படவேண்டும் என்று நாம் கேட்கலாம். ஆளின் பெயரை வெளியிட வேண்டாம், அது தகாது. ஆனால் இத்தனை வீட்டில் இரத்த சோகை, இத்தனை பேருக்குச் சர்க்கரை, இந்தத் தெருவில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு என்ற கணக்கு தெரிந்தால், எந்தக் குழாயை முதலில் மாற்றுவது என்பது தெரிந்துவிடும். காலை முதல் நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் சாலைக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் இது சம்பந்தமில்லாத விஷயம் அன்று என்பதைத் தேநீர் நேரத்துப் பெரியவருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

உடற்கூறு பயில்வதற்கு இறந்தவர் உடல் வேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். உயிரோடு இருக்கும்பொழுதே விருப்பம் எழுதிவைத்து, குடும்பத்தாரும் இசைந்தால், கல்லூரி அதை மரியாதையுடன் ஏற்றுக்கொள்ளும். நமது பக்கத்தில் இது அவரவர் மனத்துக்கும் குல வழக்கத்துக்கும் உரியது, வற்புறுத்தக்கூடிய காரியமன்று. கேட்பவர்களுக்கு வழி சொல்லத் தெரிந்திருந்தால் போதும்.

மாணவர்கள் தங்கள் ஊருக்கு வரவேண்டும் என்று விரும்பும் பஞ்சாயத்துகள், கிராம சபைத் தீர்மானத்தின் நகலுடன் வட்டார அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். ஊரைத் தெரிந்தெடுப்பது கல்லூரியின் பொறுப்பு. விண்ணப்பத்தைச் சமூக மருத்துவப் பகுதிக்கு அனுப்பிவைப்பது என் பொறுப்பு. அதில் வீடுகளின் எண்ணிக்கை, அருகிலுள்ள துணைச் சுகாதார நிலையத்தின் தூரம், மாணவர்கள் உட்காருவதற்கான இடம் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். ஊருக்கு வந்துபோகும் பஸ்ஸின் நேரத்தையும் மறக்காமல் எழுதுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் திரும்பும் பஸ் இல்லாத ஊர்களுக்குக் கல்லூரி வண்டியைக் கேட்டுப் பெறவேண்டியிருக்கும்.